வரிசைக்கும் ஒரு சட்டம் வேண்டும்

(நற்பிட்டிமுனையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தடுப்பூசி. ஊசியைப் பற்றி வைத்தியரன்றோ பேச வேண்டும், வழக்கறிஞருக்கு இதில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மருந்து உடம்பினுள் என்ன செய்கின்றது என்பதை வைத்தியர் சொல்லட்டும். ஆனால், அம்மருந்து யாருக்கு முதலிற் கிடைக்கின்றது, யாருக்குப் பின்னர்க் கிடைக்கின்றது, எந்தப் பட்டியலின்படி, எவர் கையினால் கிடைக்கின்றது என்னும் கேள்விகள் சட்டத்தையும் ஆட்சியையும் சார்ந்தவை. அவற்றை நாம் கேளாது விட்டால் வேறெவரும் கேட்கப் போவதில்லை.

2021 ஆம் ஆண்டிலே இந்நாடு முழுவதும் கொரோனாத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. ஆண்டுகள் சில சென்றுவிட்டன. அன்றைய துன்பத்தைப் பின்வந்த எரிபொருள் வரிசையும் எரிவாயு வரிசையும் மறக்கச் செய்துவிட்டன. ஆயினும் அடுத்த கொள்ளைநோய் நம்மிடம் நாட்கேட்டு வரப்போவதில்லை. ஆதலின், அமைதியாக இருக்கும் இக்காலத்திலேயே அன்று நடந்ததை எண்ணிப் பார்த்து, நாளைக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குதல் அறிவுடையார் செயலாகும்.

நிறையை முதலிற் கூறுவோம்

குறை கூறுமுன் நிறையைக் கூறுவது முறை. 2021 ஜனவரி 28 ஆம் நாள் இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் கட்டுநாயக்காவில் வந்திறங்கின. மறுநாளே சுகாதார ஊழியர்க்கு ஏற்றத் தொடங்கினர். அவ்வாண்டு செப்டெம்பர் முடிவதற்குள் நாட்டு மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஊசிகளையும் பெற்றுவிட்டனர். ஆண்டிறுதியில் அத்தொகை 1 கோடி 30 இலட்சத்தையும் கடந்துவிட்டது. நம்மிலும் செல்வம் மிக்க நாடுகள் பல அன்று நமக்குப் பின்னே நின்றன.

இது தானாக நடந்ததன்று. 1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட நாள் முதலாக, கிராமந்தோறும் நடந்து திரிந்த குடும்ப நல மாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கட்டி வளர்த்த அமைப்பின் பயன் அது. 1993 இற்குப் பின்னர் இந்நாட்டிலே இளம்பிள்ளை வாதம் ஒரு குழந்தையையேனும் முடக்கவில்லை. போர் நடந்த காலத்திலும், சொட்டு மருந்து கொடுக்கும் நாளன்று இரு தரப்பாரும் துப்பாக்கியைத் தாழ்த்தி வைத்தனர் என்பதை இம்மாகாணத்து மக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அத்தகைய அமைப்பைப் பெற்ற நாடு நம் நாடு. அதனாலேயே அதனிடம் நாம் அதிகமாக எதிர்பார்க்கின்றோம்.

கணக்கு எங்கே தடுமாறியது?

இனிக் கணக்கைப் பார்ப்போம். அன்பளிப்பாக வந்தவை 5 இலட்சம். பெப்ரவரி இறுதியில் விலைகொடுத்து வாங்கி வந்தவை மேலும் 5 இலட்சம். மார்ச் மாதத்தில் உலக நாடுகளின் கோவாக்ஸ் திட்டத்தின் வழி வந்தவை 2 இலட்சத்து 64 ஆயிரம். ஆக மொத்தம் 12 இலட்சத்து 64 ஆயிரம். ஒருவருக்கு இரண்டு ஊசிகள் வேண்டும். ஆகவே ஆறு இலட்சத்துச் சொச்சம் பேருக்கே அவை முழுமையாகப் போதும். ஆனால் 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு முதலாவது ஊசியை ஏற்றிவிட்டனர். இந்தியாவிலே நோய் பெருகியது, ஏற்றுமதி நின்றது. சுமார் 6 இலட்சம் மக்கள் இரண்டாவது ஊசிக்கு வழி தெரியாது நின்றனர். ஜூலை இறுதியில் யப்பான் நாடு தன் கையிருப்பிலிருந்து அனுப்பத் தொடங்கிய பின்னரே அவர்களுக்கு விடிவு பிறந்தது.

விதை நெல்லை அளந்து பார்த்த பின்னரே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பவன் உழவன். பக்கத்து ஊரிலிருந்து வரும் என்ற நம்பிக்கையில் பாதி வயலை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவனை நாம் என்ன சொல்வோம்?

வயதுக் கணக்கும் அவ்வாறே. இந்நோய் முதியோரையே பெரும்பாலும் கொண்டுசெல்கின்றது என்பது 2020 ஆம் ஆண்டிலேயே உலகம் அறிந்த உண்மை. இந்தியா 2021 மார்ச்சு முதல் நாளிலிருந்து 60 வயதைக் கடந்த பொதுமக்களை முதலில் அழைத்தது. இங்கோ பெப்ரவரியிலே மேல் மாகாணத்தில் 30 முதல் 60 வயது வரையானோர்க்கு முதலிடம் என்றனர். உழைப்போரைக் காத்தால் நாட்டின் பொருளாதாரம் நிற்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்நியாயம் முழுப்பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆகஸ்டு மாதம் வந்தது. ஒரே நாளில் 200 இற்கு மேற்பட்டோர் மடிந்தனர். மடிந்தவர்களிற் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களிலும் மிகப் பலர் ஊசி பெறாதவர்கள். வரிசையை யார் வகுக்கின்றார்கள் என்பது உயிர் பற்றிய கேள்வி என்று நாம் கூறுவது இதனாலேயாகும்.

சீட்டு யார் கையில்?

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழமொழி. 2021 இல் ஊசி பந்தியாயிற்று. முந்தத் தெரிந்தவர் முந்தினர். தெரியாதவர் வெயிலில் நின்றனர். பல நகரங்களிலே மக்கள் விடியுமுன் வந்து வரிசையில் நின்றனர். எண் எழுதிய சீட்டு ஒன்று கையில் இருந்தால் உள்ளே போகலாம். அச்சீட்டை யார் கொடுப்பது என்பதே பெரும் பிரச்சினையாயிற்று. அவ்வாண்டு மே மாத இறுதியில், ஊசிச் சீட்டு விவகாரத்தில் வைத்திய அதிகாரியின் கடமைக்கு இடையூறு செய்தார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் மொரட்டுவை மாநகர முதல்வர் கைதுசெய்யப்பட்டதை நாடே பார்த்தது. அது ஒரு மனிதரின் குணம் பற்றிய செய்தி என்று நாம் கருதவில்லை. சீட்டு வழங்கும் அதிகாரம் இன்னாருக்கே உரியது என்று தெளிவாக எழுதி வைக்கப்படாத இடத்தில், கையில் வலிமை உள்ளவர் அதை எடுத்துக்கொள்வார். இன்று ஒருவர், நாளை மற்றொருவர்.

நம் ஊர்களிலோ செய்தி வந்த வழிகள் பல. சில வேளை பள்ளிவாசல் ஒலிபெருக்கி. சில வேளை கோயில் ஒலிபெருக்கி. சில வேளை கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி. பல வேளை யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி. ஒலிபெருக்கி எட்டிய வீட்டார்க்குச் செய்தி எட்டியது. வெள்ளாப்பு வேளையிலே வட்டைக்குப் போய்விட்ட உழவனுக்கும், கடலுக்குப் போய்விட்ட மீனவனுக்கும் அது எவ்வாறு எட்டும்? 2021 இன் நடுப்பகுதியிலேதான் மேல் மாகாணத்துக்கு வெளியேயும் சினோபாம் ஊசி பரவலாக வந்தது. அது சிறுபோக வேளாண்மை வெட்டும் காலம். வெட்டு இயந்திரம் வந்து நிற்கும் நாளிலே வயலை விட்டு வரிசைக்கு வருதல் எளிதோ? போதாக்குறைக்கு, அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியையும் தடைசெய்து, உழவனை வேறொரு கவலையிலும் ஆழ்த்தியிருந்தனர்.

கணினியில் நாட்குறித்துக்கொண்டால் இத்தொல்லை தீர்ந்துவிடும் என்று படித்தவர்கள் சிலர் கூறுவர். அயல் நாட்டைப் பாருங்கள். இந்தியாவிலே 2021 மே முதல் நாள், 18 முதல் 44 வயது வரையானோர் கோவின் என்னும் இணையத்தளத்திற் பதிந்தால் மட்டுமே ஊசி என்றனர். நகரத்து இளைஞர் நொடியிற் பதிந்துகொண்டு, பக்கத்துக் கிராமத்து நிலையங்களுக்கும் சென்று ஊசி பெற்றனர். அக்கிராமத்து மக்களோ வெறுங்கையுடன் நின்றனர். இணையம் இல்லாத ஏழையின் நிலை என்ன என்று இந்திய உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றமே மே 31 ஆம் நாள் ஆணையில் வினவியது. ஜூன் 21 முதல் நேரே வருவோர்க்கும் ஊசி என்ற முறை எங்கும் வந்தது.

ஆகவே வெயிலில் நிற்கும் வரிசையும் தீங்கு செய்யும். கண்ணுக்குத் தெரியாத இணைய வரிசையும் தீங்கு செய்யும். நம் நாட்டிலே கணினியும் இணையமும் இல்லாமலே ஒழுங்காக நடக்கும் ஒரு நாட்குறிப்பு முறை உண்டு. ஒவ்வொரு தாயின் வீட்டிலும் உள்ள குழந்தையின் சுகாதார அட்டையை எடுத்துப் பாருங்கள். அடுத்த ஊசிக்குரிய நாளைக் குடும்ப நல மாது தன் கையாலே எழுதியிருப்பார். அந்நாளில் பிள்ளை வராவிட்டால் அவர் வீடு தேடி வருவார். அங்கே முந்துவோரும் இல்லை, சிபாரிசும் இல்லை. ஏன்? பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் அவருடைய பதிவேட்டில் இருக்கின்றது. முதியோருக்கு அத்தகைய பதிவேடு இல்லை. கிராம உத்தியோகத்தரிடம் குடும்பப் பட்டியல் இருந்தது. வாக்காளர் இடாப்பும் இருந்தது. வாக்குக் கேட்க நம்மைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த இடாப்பு, ஊசி போட நம்மைத் தேடி வரலாகாதா?

நம்பிக்கை என்னும் மருந்து

இனி, நெஞ்சம் கனக்கும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாது விட்டால் இம்மண்ணிலே தடுப்பூசியின் வரலாறு முழுமையாகாது.

2020 ஏப்ரில் 11 ஆம் நாள் வெளிவந்த வர்த்தமானியின்படி, இந்நோயால் இறந்தவரின் உடலை எரித்தே தீரவேண்டும் என்று விதித்தனர். அடக்கம் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நம் நாட்டுச் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும், 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும், அடக்கம் செய்வதற்குத் தடையில்லை என்றே கூறின. உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. 2020 டிசெம்பர் முதல் நாள், மேற்கொண்டு விசாரிக்க அனுமதி மறுத்து நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. அம்மாதமே, பிறந்து 20 நாட்களான பச்சிளங் குழந்தை ஒன்றும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. எல்லா இனத்தாரும் கட்டினர்.

2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. முதலில் இரணைதீவைக் காட்டினர். அங்குள்ள தமிழ் மீனவ மக்கள் தங்களைக் கேளாது எடுத்த முடிவு என்று எதிர்த்தனர். பின்னர் ஓட்டமாவடி. மார்ச் 5 முதல் ஓராண்டு காலம், நாட்டின் எந்த மூலையில் இறந்தவரையும் அங்கேயே கொண்டுபோய் அடக்க வேண்டியதாயிற்று. கல்முனையிலே மையவாடி இருக்க, மட்டக்களப்பையும் தாண்டி ஜனாஸாவைக் கொண்டுபோன குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. ஓட்டமாவடி மண்ணில் 3,000 இற்கு மேற்பட்டோர் உறங்குகின்றனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பை வரவேற்கின்றோம். ஆனால் எரிந்தவர் மீளார்.

இதற்கும் ஊசிக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவே மக்கள் அஞ்சினர். பரிசோதனைக்கு மூக்கை நீட்ட அஞ்சினர். இறந்தால் எரித்துவிடுவார்கள் என்ற அச்சம் நோயின் அச்சத்திலும் பெரிதாக இருந்தது. ஓர் ஆண்டு முழுவதும் ஒரு சமூகத்தின் மனத்தைப் புண்படுத்திவிட்டு, மறு ஆண்டில் அதே அரசு, கையை நீட்டு, ஊசி போடுகின்றோம் என்றால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? அவ்வாறிருந்தும் நம் மக்கள் கையை நீட்டினார்கள். ஏன் நீட்டினார்கள்? கொழும்பிலிருந்து வந்த அறிவிப்பை நம்பியன்று. தம் பிள்ளைக்கு ஊசி போட்ட அதே குடும்ப நல மாதை நம்பினார்கள். தம் ஊரில் வேலைசெய்யும் வைத்தியரை நம்பினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் கோயில் பரிபாலகரும் சொன்ன சொல்லை நம்பினார்கள். அரசு இழந்த நம்பிக்கையை ஊர் ஈடுசெய்தது. அதை அரசு தன் வெற்றியாக மட்டும் எழுதிக்கொள்ளுதல் தகாது.

தண்ணீருக்கு உள்ள சட்டம்

உழவர் பெருமக்களே! ஒன்றை உங்களிடமே கேட்கின்றோம். தண்ணீரை நீங்கள் எவ்வாறு பங்கிடுகின்றீர்கள்? போகந் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. காணிக்காரரும் செய்கைக்காரரும் அதிகாரிகளும் ஒன்றாக அமர்கின்றனர். குளத்தில் இருக்கும் நீரின் அளவு எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படுகின்றது. விதைப்பு நாளும், நீர் திறக்கும் நாளும், நீர் நிறுத்தும் நாளும் தீர்மானமாகின்றன. பின்னர் வட்டை விதானையார் முறைப்படி நீர் விடுகின்றார். வாய்க்காலின் கடைசியில் வயல் உடையவனுக்கும் தன் முறை எப்போது என்று தெரியும். முறை தவறினால் யாரிடம் கேட்பது என்றும் தெரியும். இதற்கு 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இடமளித்திருக்கின்றது.

வயலுக்குப் பாயும் நீருக்கு ஒரு சட்டம் உண்டு, கூட்டம் உண்டு, முறை உண்டு. மனிதன் உயிருக்குப் பாயும் மருந்துக்கு என்ன இருந்தது? 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருந்தது. கப்பலில் வரும் கொள்ளைநோயைத் துறைமுகத்தில் மறிப்பதற்கு வெள்ளையர் ஆக்கிய சட்டம் அது. அதன் கீழ் அமைச்சர் விதி ஆக்கலாம், வீட்டை மூடலாம், உடலை எரிக்கச் சொல்லலாம். ஆனால் மருந்து வந்தால் அதை எந்த முறைப்படி பங்கிட வேண்டும், பங்கு கிடைக்காதவன் எங்கே முறையிட வேண்டும் என்பவற்றுக்கு அதிலே விடை இல்லை. அரசுக்கு அதிகாரம் கொடுத்த சட்டம் மக்களுக்கு உரிமை கொடுக்க மறந்துவிட்டது.

நாம் கேட்பவை

ஆகவே நாம் கேட்பவை ஐந்து.

முதலாவது, மருந்தின் அளவு வெளிப்படையாக அறிவிக்கப்படல் வேண்டும். அம்பாறை மாவட்டம் ஒன்றாயினும் சுகாதார நிருவாகத்தில் அது இரண்டு. பெரிய நீலாவணையிலிருந்து பொத்துவில் வரை 13 சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் கல்முனைப் பிராந்தியப் பணிமனையின் கீழ் உள்ளன. எந்தப் பிரிவுக்கு எத்தனை ஊசி வந்தது, எத்தனை ஏற்றப்பட்டது, எத்தனை மீதி என்று ஒவ்வொரு வாரமும் பிரதேச செயலக வாயிலில் ஒட்டப்படல் வேண்டும். கணக்கு சுவரில் இருந்தால் வதந்தி தெருவில் இராது.

இரண்டாவது, வரிசையின் ஒழுங்கு வர்த்தமானியில் வெளியிடப்படல் வேண்டும். முதியோர், நோயாளர், சுகாதார ஊழியர் என்று உயிராபத்தின்படி அது வகுக்கப்படல் வேண்டும். மாற்ற வேண்டின் காரணத்தை எழுதி மாற்றட்டும்.

மூன்றாவது, சீட்டு வழங்கும் அதிகாரம் சுகாதார உத்தியோகத்தருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் மட்டுமே உரியதாதல் வேண்டும். பாராளுமன்ற உறுப்பினரோ பிரதேச சபை உறுப்பினரோ, நம் இயக்கத்தைச் சேர்ந்தவரோ, சீட்டைத் தொடவும் கூடாது. இதை நாம் மற்றவர்க்கு மட்டுமன்றி நமக்கும் சேர்த்தே கூறுகின்றோம்.

நான்காவது, நாட்குறிக்கும் வழி பலவாக இருத்தல் வேண்டும். தொலைபேசி, கிராம உத்தியோகத்தர், நேரே வருதல் ஆகிய எதனாலும் பதியலாம் என்றிருத்தல் வேண்டும். அனைத்தும் தமிழில் இருத்தல் வேண்டும்; வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுகின்றது. உழவருக்காகவும் மீனவருக்காகவும் மாலை வேளைகளிலும் நிலையங்கள் திறந்திருத்தல் வேண்டும். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு வாகன இலக்கத்தின்படி பங்கீடு செய்யத் தெரிந்த அரசுக்கு, மனிதனுக்கு முறை வகுப்பது முடியாத காரியமன்று.

ஐந்தாவது, நோயின் பெயரால் மக்களின் சமய வழக்கத்தைத் தடுக்க விரும்பினால், அது ஏன் இன்றியமையாதது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அரசையே சாரும் என்று சட்டத்தில் எழுதப்படல் வேண்டும்.

நம் கையில் உள்ள ஆயுதம்

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. எந்தப் பிரசையும் ஒரு பகிரங்க அதிகார சபையிடம் தகவல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று அவர்கள் தீர்மானித்தல் வேண்டும். கேட்கும் தகவல் கேட்பவரின் உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பற்றியதாயின், 48 மணித்தியாலத்துள் விடை தரல் வேண்டும். கொள்ளைநோய்க் காலத்திலே மருந்து எங்கே என்னும் கேள்வியிலும் உயிரைப் பற்றிய கேள்வி வேறு யாது? சமத்துவத்துக்கு மாறாக நம்மை நடத்தினால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செல்ல வேண்டும். இதை அறியாது காலங் கடத்தி உரிமையை இழந்தோர் பலர். படித்தோரே, ஆசிரியரே, எழுதுவினைஞரே! ஊருக்கு இருவராயினும் இவ்விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்க முன்வாருங்கள். அச்சிறு தொண்டு ஆயிரம் மேடைப்பேச்சுக்கு மேலானது.

இறுதியாக ஒன்று. நற்பிட்டிமுனையிலே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கின்றோம். நிருவாக எல்லை பற்றி நம்மிடையே வழக்குகள் உண்டு; அவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்வோம். நோய்க்கு அந்த எல்லை தெரியாது. ஒரு வளவில் ஊசி பெறாத முதியவர் இருந்தால் அடுத்த வளவுக்கும் ஆபத்தே. எனவே ஊசி வரிசையில் எங்களுக்கு முதலில், உங்களுக்குப் பின்னர் என்னும் பேச்சு நம்மிடையே எழுதல் கூடாது. எழுதப்பட்ட ஒழுங்கு ஒன்று இருந்தால் அப்பேச்சுக்கு இடமே இராது. இக்கூட்டம் முடிந்ததும் இவ்வைந்து கோரிக்கைகளையும் கொண்ட மனு உங்கள் முன் வைக்கப்படும். வாசித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் கேளுங்கள். உடன்பட்டால் ஒப்பமிடுங்கள். இரு சமூகத்தாரின் ஒப்பங்களும் ஒரே தாளில் இருக்கட்டும்.